பல்லு அத்தையின் இடது டிராயர்

நூறாண்டு வாழ்க என்று வாழ்த்துகிறவர்கள் யாரும், நூறை நெருங்கிய ஒருவரோடு ஒரே குளியலறையைப் பங்கிட்டவர்களாக இருக்க முடியாது. நான் ஒன்பது வருடமாகப் பங்கிடுகிறேன். காலை ஏழு மணிக்கு உள்ளே போகும் என் அத்தை ஏழே முக்காலுக்கு வெளியே வருவாள். உள்ளே தண்ணீர் சத்தமும் வராது, ஆள் சத்தமும் வராது. கதவைத் தட்டி, "அத்தை, என்ன பண்றீங்க?" என்று கேட்டால், "இருக்கேன்" என்று பதில் வரும். அதற்கு மேல் என்ன கேட்பது?

அத்தைக்குத் தொண்ணூற்றாறு. எனக்கு எழுபது. எங்கள் வீட்டின் இளைய தலைமுறை நான்தான். இரண்டாவது மாடியில், லிஃப்ட் இல்லாத கட்டிடத்தில், இரண்டு அறைகளும் ஒரு சமையலறையும். கடைக்குப் போய்விட்டு வரும்போது முதல் மாடி திருப்பத்தில் நான் மூச்சு வாங்க நிற்பேன். நாலு படி மேலே நின்று, "முட்டியா? இந்த வயசுலயேவா?" என்று அவள் விசாரிப்பாள்.

நான் இங்கே வந்ததே ஒரு வருடக் கணக்கில்தான். அப்போது அத்தைக்கு எண்பத்தேழு. என் தம்பி ரொம்பப் பக்குவமாகப் பேசினான். "அக்கா, நீயும் ரிட்டயர் ஆயிட்ட, மாமாவும் இல்ல. ஒரு வருஷம், மிஞ்சிப் போனா ரெண்டு வருஷம், அத்தைகூட இரு." அந்த 'மிஞ்சிப் போனா' இப்போது ஏழு வருடம் மிஞ்சிப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்து, "அத்தை எப்படி இருக்காங்க?" என்று கேட்பான். வண்டி இன்னும் வரலையா என்று கேட்கும் பயணியின் குரல் அது. எனக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும். முப்பது வருடம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவள் நான். பத்து நிமிடம் லேட்டாக வந்தாலும் டிரைவர் எனக்குக் காரணம் சொல்லியாக வேண்டும். காரணமே சொல்லாமல் இருபத்து மூன்று வருடம் லேட்டாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரே வண்டி என் அத்தைதான். அந்த இருபத்து மூன்று எப்படி வந்தது என்பதைச் சொல்ல, அவள் தொழிலைச் சொல்ல வேண்டும்.

அத்தை பல் செட்டு செய்கிறவள். முப்பத்தொன்பது வருடம் ஒரே பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால், சந்துப் பக்கம் ஜன்னல் வைத்த ஒரு அறையில் உட்கார்ந்து செய்தாள். பல் எல்லாம் போன வாயை டாக்டர் அளவெடுத்து அனுப்புவார். அதில் பிளாஸ்டர் ஊற்றினால், அந்த வாயின் ஈறு அப்படியே வெள்ளை அச்சாக வரும். அந்த அச்சின் மேல் மெழுகு வைத்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, கடி சரியாக விழுகிறதா என்று பார்த்து, பிறகு மெழுகின் இடத்தில் ரோஸ் நிற ஈறைப் பிடிக்க வைத்துப் பளபளப்பாக்கி அனுப்புவாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "தினம் நாலு ஆம்பளைங்களைப் பல்லு இல்லாம பாக்கிறவளுக்கு எப்படிடி ஆசை வரும்?" என்பாள். சொந்தத்திலும் தெருவிலும் அவளுக்குப் பெயர் பல்லு அத்தை.

அவள் மேஜையில் இரண்டு டிராயர். இடது டிராயரில் பீங்கான் பல், வலது டிராயரில் பிளாஸ்டிக் பல். பீங்கான் பல் இருபது வருடம் மென்றாலும் தேயாது. ஆனால் அது எங்கிருந்தோ வர வேண்டும். எப்போதாவது இரண்டு பெட்டி, மூன்று பெட்டி வரும், சில வருடம் வரவே வராது. பிளாஸ்டிக் பல் எப்போதும் கிடைக்கும், ஏழெட்டு வருடத்தில் தேய்ந்து மொட்டையாகிவிடும். இருக்கிற பீங்கானை யாருக்கு வைப்பது? இந்த இடத்தில்தான் அத்தை தன் சொந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தாள். அச்சைத் திருப்பி, அடியில் பென்சிலால் ஒரு எண் எழுதுவாள். இந்த ஆள் இன்னும் எத்தனை வருடம் மெல்லுவான் என்பதுதான் அந்த எண். பத்துக்கு மேல் போனால் இடது டிராயர். பத்து அல்லது அதற்குக் கீழ் என்றால் வலது டிராயர். பூஜ்யம் என்றால் செட்டே வேண்டாம், வீண். டாக்டருக்கு இது தெரியுமா என்றால், தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தார்.

"எப்படி அத்தை கண்டுபிடிப்பீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பாதி வாயில தெரியும். மீதி கூட வர்றவங்க மூஞ்சில தெரியும்" என்றாள். "பல்லு பாக்க எப்படி இருக்கும்னு கேக்கிறவன் ரொம்ப நாள் இருப்பான். நல்லா மெல்ல முடியுமான்னு கேக்கிறவன் ஒரு பத்து வருஷம். எனக்கு எதுக்கு இதெல்லாம், பிள்ளைங்க சொன்னாங்கன்னு வந்தேன்னு சொல்றவன் வலது டிராயர்."

யாராவது அவள் எழுதிய வருடத்தில் போய்ச் சேர்ந்தால், அன்றைக்கு வீட்டில் சொல்லிக்கொண்டே இருப்பாள்: "நான் எட்டுன்னுதான் போட்டேன், கரெக்டா எட்டு." போகாதவர்களைப் பற்றி மூச்சு விட மாட்டாள். வராத வண்டியை எழுதாமல் விட்டால் எந்த டிப்போவிலும் வண்டி லேட்டாகாது. அப்படி வந்ததுதான் அவள் பெயரும் புகழும்.

ஆனால் ஒரு ஆளை மட்டும் அவளால் எழுதாமல் விட முடியவில்லை. ஒரு கிழவரை இரண்டு மகன்கள் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். ஆள் நாற்காலியில் சரிந்து கிடந்தார். மகன்களோ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அளவெடுத்து வந்த அச்சில் பூஜ்யம் போட்டாள். ஈறு தாங்காது, வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லி அனுப்பிவிட்டாள். கிழவர் வீட்டுக்குப் போய் சூப் குடித்தார். அடுத்த வருடமும் குடித்தார். மூன்றாவது வருடம் யாருடைய கையையும் பிடிக்காமல் தானே நடந்து கிளினிக்குக்கு வந்து, பின்னறைக் கதவைத் திறந்து, அத்தைக்கு நேராக வாயை 'ஆ' என்று திறந்து காட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வருடா வருடம் வந்தார். பதினோரு வருடம் சூப்பிலேயே ஓட்டினார். எங்கள் வீட்டில் அவர் பெயர் சூப்புக்காரர். அவர் செத்த செய்தி வந்த அன்று அத்தை அந்த அச்சை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள் என்று டாக்டர் பிறகு சொன்னார்.

ஆள் போனதும் அச்சை உடைத்துவிடுவது அவள் வழக்கம். அப்படித்தான் என் அப்பாவின் எண் எனக்குத் தெரிந்தது. அப்பா அவளுக்குக் கூடப் பிறந்த தம்பி. அறுபத்திரண்டில் செட்டு போட்டுக்கொண்டார், எண்பத்தொன்றில் போனார். மறுநாள் அத்தை அச்சோடும் சுத்தியலோடும் அப்பா வீட்டுப் பின்வாசல் படியில் உட்கார்ந்தாள். தெறித்து விழுந்த துண்டில் ஏழு என்று எழுதியிருந்தது. ஏழு! பத்தொன்பது வருடம் அந்த மனிதர் தேய்ந்த பிளாஸ்டிக்கை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாயையும் திட்டித் திட்டி மென்றார்.

"சொந்தத் தம்பிக்கு ஏழா அத்தை? கொஞ்சம் கூட்டிப் போட்டிருந்தா அப்பா நிம்மதியா சாப்பிட்டிருப்பாரே?"

"அத்தைக்கு மீசை முளைச்சா சித்தப்பா. அப்ப அவன் இருந்த நிலைமைக்கு ஏழே ஜாஸ்தி. தம்பிங்கறதுக்காகப் பொய் எழுத முடியுமா?" என்றாள். சுத்தியலைக் கீழே வைத்த பிறகு அந்தப் படியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அழுதாள் என்று நினைக்கிறேன். எனக்கும் கோபமாக இருந்ததால் நான் போய்ப் பார்க்கவில்லை.

தனக்கும் அவள் ஓரவஞ்சனை செய்துகொள்ளவில்லை. அறுபத்தெட்டில் ஓய்வு பெற்றபோது டாக்டர் அந்த இரண்டு டிராயர் மேஜையையே அவளுக்குக் கொடுத்துவிட்டார். இடது டிராயரில் இரண்டு பெட்டி பீங்கான் மிச்சம் இருந்தது. அவள் தன் அச்சைத் திருப்பி ஐந்து என்று எழுதி, வலது டிராயரைத் திறந்தாள். அவளுடைய அம்மா அப்பா இருவரும் எழுபதைப் பார்க்கவில்லை. ஐந்தே தாராளம் என்று நினைத்திருப்பாள். "நல்ல பல்லை என் வாயில போட்டுக்கிட்டு நான் போய்ச் சேந்துட்டா யாருக்குப் பிரயோஜனம்?" என்றாளாம். எழுபத்து மூன்று வந்தது, போனது. எண்பது வந்தது. தொண்ணூறும் வந்தது. ஐந்து வருடத்துக்குச் செய்த செட்டில் இருபத்தெட்டு வருடம் மென்றாள். இப்போது என் இருபத்து மூன்று வருடக் கணக்கு புரிந்திருக்கும்.

இவ்வளவு நீண்ட ஆயுசு நல்லதா என்று அவளைப் பலர் கேட்டுவிட்டார்கள். தொண்ணூற்றைந்து முடிந்தபோது ஒரு பத்திரிகைக்காரப் பெண் வந்து, ரகசியம் என்ன என்று கேட்டாள். "பொறாமை" என்றாள் அத்தை. அந்தப் பெண் அதை எழுதவில்லை. அளவான உணவு, நடைப்பயிற்சி என்று தானே எழுதிக்கொண்டாள். கேட்கிறவர்கள் யாரும் பதிலுக்காகக் கேட்பதில்லை. தங்களுக்கும் கிடைக்குமா என்று பார்க்கத்தான் வருகிறார்கள். கிடைத்தால் என்ன ஆகும் என்று யாரும் கேட்டதில்லை. அவளோடு வேலை பார்த்தவர்கள் போய்விட்டார்கள், டாக்டர் போய்விட்டார். பரவாயில்லை, அதையெல்லாம் தாங்கிக்கொண்டாள். போன வருடம் கீழ்வீட்டுக்காரி தொண்ணூற்றொன்றில் போனபோதுதான் ஆடிப்போனாள். துணி காயப் போடும் கயிறு விஷயத்தில் நாற்பது வருடச் சண்டை அது. "இனிமே யாரைத் திட்டறது?" என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. நான் இருக்கிறேனே என்றேன். "நீ பதிலுக்குத் திட்ட மாட்டேங்கற, அழுதுடற" என்றாள்.

போன மழைக்காலத்தில்தான் அந்தச் செட்டு அவள் வாயில் நிற்காமல் போனது. பல் தேய்ந்தது ஒரு பக்கம். ஈறுக்கு அடியில் எலும்பே வற்றிவிட்டது. கீழ்ச்செட்டு பேசும்போது எழுந்து வரும். மூக்கும் தாடையும் ஒன்றையொன்று நலம் விசாரிக்கும் தூரத்துக்கு வந்துவிட்டன. பல் போனால் சொல் போச்சு என்பார்கள். அவளுக்குச் சொல் மட்டும் போகவில்லை, சோறுதான் போனது. எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்துக் கொடுத்தேன். மூன்று வேளையும் மிக்ஸி. எதை அடித்தாலும் ஒரே நிறத்துக்கு வந்துவிடும். நாலு வாய் விழுங்குவாள், "போதும்" என்று கிண்ணத்தைத் தள்ளிவிடுவாள். அவளுக்கு உலகத்திலேயே பிடித்தது வறுத்த வேர்க்கடலை. ஒரு நாள் ஒரு கடலையை வாயில் போட்டு, அரை மணி நேரம் ஊற வைத்து, கடைசியில் கையில் துப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எடை முப்பத்து நாலு கிலோவுக்கு வந்துவிட்டது.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அவள் போய்விட்டால் நிம்மதி என்று நான் நினைத்ததுண்டு. எப்போதோ ஒருமுறை அல்ல, வாரத்துக்கு இரண்டு முறை, குளியலறை வாசலில் நிற்கும்போது. அந்த நிம்மதி இப்போது தானாக வருகிற மாதிரி இருந்தது. நான் எதுவும் செய்ய வேண்டாம், மிக்ஸியைக் கழுவி வைத்தால் போதும். அப்படி நினைத்துவிட்டேன் என்பதற்காகவே மறுநாளே வாடகைக்கார் வைத்து அவளைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன்.

அங்கே இப்போது பழைய டாக்டரின் பேத்திதான் டாக்டர். "பாட்டி, வாயை நல்லாத் திறங்க" என்றாள்.

"நான் யாருக்கும் பாட்டி இல்ல. கல்யாணமே ஆகல" என்றாள் அத்தை.

"சரிங்க மேடம்" என்று டாக்டர் பார்த்தாள். பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினாள். "புதுசா ஒரு செட்டு போட்டுடலாம். இல்லன்னா இவங்களால சாப்பிட முடியாது. இப்படியே எடை குறைஞ்சா ரொம்ப நாள் தாங்காது."

"வேணாம்" என்றாள் அத்தை. "தொண்ணூத்தாறு வயசுக்காரியோட அச்சு என் மேஜைக்கு வந்திருந்தா நான் பூஜ்யம் போட்டுத் திருப்பி அனுப்பியிருப்பேன். ஊருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?"

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கெஞ்சிப் பார்த்தேன். மசியவில்லை. கடைசியில் மாடிப்படியில் மூச்சு வாங்கிக்கொண்டே, "சரி, பூஜ்யம்னே வச்சுக்குங்க. சூப்புக்காரருக்கும் பூஜ்யம்தானே போட்டீங்க? அதே மாதிரி நீங்க பதினோரு வருஷம் இருந்துட்டா? மூணு வேளை மிக்ஸி போடுறது யாரு? என் முட்டி அதுவரைக்கும் தாங்குமா?" என்று கத்திவிட்டேன்.

அத்தை நாலு படி மேலே நின்று யோசித்தாள். சூப்புக்காரர் பெயரை எடுத்தால் அவள் பிடிவாதம் கொஞ்சம் தளரும். "அளவு வேணா எடுத்துக்கட்டும்" என்றாள். "ஆனா வலது டிராயர்தான். பிளாஸ்டிக்."

டாக்டர் அளவெடுத்தாள். முன்பு எந்த அளவில் பல் வைத்திருந்தது என்று பார்க்க, பழைய அச்சு இருந்தால் கொண்டு வரச் சொன்னாள். அத்தையின் கட்டிலுக்கு அடியில் ஒரு அட்டைப் பெட்டி உண்டு. இழுத்துத் திறந்தேன். ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கில் இருந்த அச்சுகளில் இப்போது இரண்டே இரண்டுதான் மிச்சம், அதாவது உயிரோடு இருப்பவர்கள் இரண்டே பேர். ஒன்று அத்தையுடையது, அடியில் ஐந்து. இன்னொன்று என்னுடையது.

எனக்கு ஐம்பத்தைந்திலேயே பல் எல்லாம் ஆடி விழுந்துவிட்டது, எங்கள் குடும்ப ராசி அது. எண்பத்தொரு வயதில் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எனக்குச் செட்டு செய்தாள். பீங்கான் பல். பேசினால் டக் டக் என்று லேசாகச் சத்தம் வரும். இடது டிராயர் ஆள் என்று எனக்குள் ஒரு கர்வம்கூட இருந்தது. எண்ணை மட்டும் நான் பார்த்ததில்லை. இப்போது திருப்பினேன். பதினைந்து.

ஐம்பத்தைந்தும் பதினைந்தும் எழுபது. செய்த மாதமும் பக்கத்தில் எழுதியிருந்தது. டைம் கீப்பர் புத்தி சும்மா இருக்குமா? கணக்குப் போட்டேன். எனக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது.

அவள் எழுதியதெல்லாம் தப்பு என்று எனக்கு நன்றாகத் தெரியும். அப்பாவுக்குத் தப்பு, சூப்புக்காரருக்குத் தப்பு, அவளுக்கே இருபத்து மூன்று வருடம் தப்பு. இருந்தும் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நூறு வயது எதற்கு, எழுபத்தைந்தில் போனால் மரியாதை என்று டிப்போவில் எல்லோருக்கும் வாய் கிழியப் பேசியவள் நான். எழுபது என்று கணக்கு வந்ததும் அந்த வாய் எங்கே போனது என்றே தெரியவில்லை. இன்னும் வீட்டின் கடைசி ஜன்னலுக்குத் திரை தைக்கவில்லை, தம்பி பேத்தியைப் பார்க்கவில்லை என்று ஒன்றுமில்லாத காரணங்களாக வந்து நின்றன. குளியலறை வாசலில் நின்றபோது, உள்ளே அவள் என்ன செய்கிறாள் என்று முதல்முறையாக எனக்குப் புரிந்த மாதிரி இருந்தது. இருக்கிறாள். அவ்வளவுதான். அது சும்மா இல்லை.

மூன்றாம் நாள் அச்சைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன். "இது என்ன அத்தை?"

"திருப்பிப் பாத்துட்டியா? உன்னை யாரு திருப்பிப் பாக்கச் சொன்னா?"

"அப்ப எனக்கு மூணு மாசம்தானா?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தாள்; கீழ்ச்செட்டு எழுந்து வெளியே வர, அதைக் கையில் பிடித்துக்கொண்டாள். "உன் வீட்டுக்காரர் போன வருஷம் அது. எலும்பும் தோலுமா, யாராவது கூட்டிட்டுப் போய்ட்டா தேவலைங்கற மாதிரி உக்காந்திருந்த. அந்த லட்சணத்துக்குப் பதினஞ்சுங்கறதே நான் கூட்டி எழுதினது. பத்துக்கு மேல வரணுமே, இல்லன்னா உனக்கும் பிளாஸ்டிக்தானே?"

"அப்ப பொய்யா எழுதினீங்களா?"

"தம்பிக்கு உண்மை எழுதித்தான் பத்தொன்பது வருஷம் அவன்கிட்ட பேச்சு வாங்கினேன். போ, போய் இடது டிராயரைத் திற."

திறந்தேன். ஒரே ஒரு பெட்டி இருந்தது. கடைசிப் பெட்டி. மேலே பழுப்பேறிய காகிதம் சுற்றி, பென்சிலால் எழுதியிருந்தது: 'தம்பி மகளுக்கு. இரண்டாவது செட்டு.'

எழுத்து பதினைந்து வருடத்துக்கு முந்தையது. என் முதல் செட்டைச் செய்த கையோடு, நான் அதைத் தேய்த்துத் தீர்த்துவிட்டு இன்னொன்றுக்கு வந்து நிற்பேன் என்று எடுத்து வைத்திருக்கிறாள். பீங்கான் இருபது வருடம் தேயாது என்று என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்; அதையும் தாண்டி நான் இருப்பேன் என்று நினைத்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. "பாத்தியா, இதைத்தான் சொன்னேன், உன்னைத் திட்டவே முடியல" என்றாள்.

அந்த நிமிடத்தில் எனக்கு ஒரு விஷயம் தீர்மானமாகத் தெரிந்தது. எனக்கு இவள் வேண்டும். நல்லதோ கெட்டதோ, நீண்ட ஆயுசு நியாயமோ அநியாயமோ, இவள் இருக்க வேண்டும்.

"இந்தப் பல்லு உங்களுக்குத்தான்" என்றேன்.

"பைத்தியமா? அது உனக்கு வச்சது. எனக்கு இருக்கிற ஆயுசுக்குப் பீங்கானா?"

"அச்சு வரட்டும். நம்பர் போட்டுப் பாப்போம்."

மறுநாள் டாக்டரிடம் இருந்து புது அச்சு வந்தது. பல் உட்கார வேண்டிய மேட்டையே காணோம், துடைத்து வைத்த மாதிரி இருந்தது அந்த ஈறு. அத்தை அதைக் கையில் வைத்து, விரலால் தடவி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வேறு யாருடையதோ மாதிரி பார்த்தாள். பென்சிலை எடுத்தாள். எழுதவில்லை. "என் கணக்குல எனக்கே நம்பிக்கை இல்ல. நீ டைம் கீப்பர்தானே, நீ போடு" என்று என்னிடம் நீட்டினாள்.

நான் அச்சைத் திருப்பி, அடியில் பதினொன்று என்று எழுதினேன்.

கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "என்ன இது, ஒண்ணா?"

"பதினொண்ணு."

"ஏண்டி, நூத்தியேழு வயசு வரைக்கும் என்னைக் கட்டிக்கிட்டு மாரடிப்பியா? பாத்ரூம் வாசல்ல நின்னு தினம் முணுமுணுக்கிறது எனக்குக் கேக்கலன்னு நினைச்சியா? பல்லுதான் போச்சு, காது நல்லாத்தான் இருக்கு."

என் முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் விடவில்லை. "முணுமுணுப்பேன். அதுக்கும் சேர்த்துத்தான் போட்டிருக்கேன். பத்துக்கு மேல போனா இடது டிராயர். ரூல் நீங்க போட்டது."

அத்தை அச்சை மேஜையில் வைத்துவிட்டு, பெட்டியின் காகிதத்தைத் தானே பிரித்தாள்.

டாக்டர் ஒத்துக்கொள்ள மறுத்தாள். இவ்வளவு வற்றிய ஈறுக்குப் பீங்கான் கனம், இடிக்கும், பிளாஸ்டிக்தான் மெத்தென்று இருக்கும் என்றாள். அத்தை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கடிக்கு எவ்வளவு இடம் விட வேண்டும், எந்த முனையைத் தேய்த்து விட வேண்டும், அடியில் மெத்தென்று என்ன பூச வேண்டும் என்று வரிசையாகச் சொன்னாள். "உங்க தாத்தா எனக்கு இவ்வளவு எதிர்ப் பேச்சு பேசினதில்ல" என்றும் சொன்னாள். டாக்டர் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். மெழுகுச் செட்டை மூன்று முறை திருப்பி அனுப்பினாள் அத்தை. கிளினிக்கில் பல் செய்கிறவர் நாலாவது முறை தானே வீட்டுக்கு வந்து, அவள் எதிரில் உட்கார்ந்து நட்டுவிட்டுப் போனார்.

செட்டு வந்தது. முதல் வாரம் புண். இரண்டாவது வாரம் திட்டு. மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம், சமையலறை மேஜையில் நான் எனக்காக வறுத்து வைத்திருந்த வேர்க்கடலையில் ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். கண்ணை மூடினாள். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்து இன்னொன்று எடுத்தாள். பிறகு கிண்ணத்தையே தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நானும் எதிரில் உட்கார்ந்து கை விட்டேன். அவள் பல்லும் என் பல்லும் மாறி மாறி டக் டக் என்று அடித்தன. அந்தச் சத்தத்தைக் கேட்டிருந்தால் யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று நினைத்திருப்பீர்கள்.

பாதிக் கிண்ணம் காலியானதும், "உன் அச்சை எடுத்துட்டு வா" என்றாள்.

கொண்டுவந்தேன். ரப்பர் வாங்கி, அடியில் இருந்த பதினைந்தை அழித்தாள். பதினைந்து வருடப் பென்சில். லேசில் போகவில்லை, ஊதி ஊதித் தேய்த்தாள். பிறகு அதே இடத்தில் பன்னிரண்டு என்று எழுதி என் பக்கம் தள்ளினாள்.

"பன்னெண்டு எதுக்கு அத்தை?"

"எனக்குப் பதினொண்ணு போட்டிருக்கியே. நான் போனப்புறம் ஒரு வருஷமாவது பாத்ரூம் உனக்கே உனக்குன்னு இருக்க வேணாமா?" என்று சொல்லிவிட்டு, அடுத்த கடலையை எடுத்தாள்.